முன்பணம் கொடுக்கும் முன்...

புது வீடு மந்திரிக்க நம்மிடம் நாள் கேட்டுச் சென்ற சில குடும்பங்கள், ஆண்டுகள் கடந்தும் வாடகை வீட்டிலேயே இருக்கின்றன. சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்து அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் இவர்கள். ஒருபுறம் வாடகை, மறுபுறம் வங்கிக்கு வட்டி. கட்டடமோ வெறும் தூண்களாய் நிற்கிறது.

ஒரு திட்டத்துக்கு வாங்கிய பணத்தை வேறு நிலத்தில் போடுவதே பல தாமதங்களுக்குக் காரணம். இதைத் தடுக்கவே 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிட்டால், விலகுவோருக்கு வட்டியோடு பணம் திரும்ப வேண்டும். காத்திருப்போருக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தர வேண்டும்.

ஆனால் உத்தரவு பெறுவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. வசூலுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை அலைய நேரிடுகிறது.

இரண்டாம் வீட்டை முதலீடாக வாங்க நினைப்போரும் கணக்குப் பார்க்கட்டும். வரும் வாடகை பெரும்பாலும் கடன் வட்டிக்கே போதாது.

எனவே, "தெரிந்தவர்தானே" என்று பணத்தை நீட்டாமல், திட்டத்தின் பதிவு எண், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுவோம். பிள்ளைகளுக்காகச் சேர்த்தது பிள்ளைகளின் கடனாகிவிட வேண்டாம்.