கரையில் நிற்கும் தாய்



ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். இடம் இங்கிலாந்தின் நடுப்பகுதி. நேரம் காலை ஒன்பது மணி. புல்தரையில் உறைபனி, வெள்ளைச் சீலை விரித்தாற்போல் கிடக்கின்றது. படகுகளின் கயிறுகள் இரவுப் பனியில் விறைத்துப் போயிருக்கின்றன. எதிரே ஒரு பெரும் நீர்த்தேக்கம். ஒரு தாய், தன் பத்து வயது மகளின் றப்பர் உடையைக் கழுத்துவரை பூட்டி, கம்பளித் தொப்பியைக் காதுகள் மூட இழுத்து விடுகிறாள். மகள் தன் சின்னஞ்சிறு பாய்ப்படகைத் தண்ணீரில் இறக்கி, ஏறி அமர்ந்து, பாய்க் கயிற்றை ஒரு கையிலும் சுக்கான் பிடியை மறு கையிலும் பற்றிக்கொண்டு போய்விடுகிறாள். தன்னந்தனியாக! தாய் கரையில் நிற்கிறாள்.

"இதென்ன பைத்தியக்காரத்தனம்? பெற்ற வயிறு இதற்கு எப்படிச் சம்மதிக்கும்?" என்றுதானே கேட்கிறீர்கள்? எவருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தத் தாய் அலட்சியக்காரி அல்லள். பிள்ளையை ஆபத்தின் பக்கம் அனுப்புவதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும், அனுப்பிய பின் எதைச் செய்யக்கூடாது என்ற இரண்டையும் கற்றுக்கொண்டவள் அவள். அதைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகின்றோம்.

ஒரே ஒரு பிள்ளைக்கான படகு

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ஒப்டிமிஸ்ட். நீளம் 2.3 மீற்றர் மட்டுமே. பாயும் கம்பமும் இல்லாத வெறும் படகின் நிறை 35 கிலோ. பார்த்தால் முன்பக்கம் சப்பையான ஒரு தொட்டி போல இருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கிளியர்வோட்டர் நகரில், 1947ஆம் ஆண்டு கிளார்க் மில்ஸ் என்பவர் இதனை வடிவமைத்தார். அக்காலத்தில் அங்குள்ள சிறுவர்கள், தாமே பெட்டிகளால் செய்த வண்டிகளில் சரிவான வீதியில் உருண்டோடிப் போட்டியிடுவார்கள். அதேபோல் தண்ணீரிலும் ஒன்று வேண்டும், தகப்பனும் பிள்ளையும் வீட்டிலேயே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு ப்ளைவூட் பலகைகளுக்குள் அடங்கும்படி மில்ஸ் அதைச் செய்து கொடுத்தார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படகு ஓடுகின்றது. பதினைந்து வயதுவரை இதில் போட்டியிடலாம். படகுதான் இப்போது பலகைக்குப் பதிலாக ஃபைபர் கிளாஸில் வருகின்றது.

போட்டியில் இதில் ஒரு பிள்ளைதான் இருக்கலாம். காற்று எங்கிருந்து வருகிறது, பாயை எவ்வளவு இறுக்குவது, எப்போது திரும்புவது, படகு சரியும்போது உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க எவருமில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் 3.4 மீற்றர் நீளமான டொப்பர் படகுக்கு மாறுவார்கள். அதுவும் ஒருவர் ஓட்டுவதே.

கோடையை விட்டுக் குளிரில் ஏன்?

பிரித்தானியாவில் பாய்ப்படகு விளையாட்டைக் கவனிக்கும் றோயல் யொட்டிங் சங்கம் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோடைப் போட்டிகளில் திறமை காட்டும் பிள்ளைகளைத் தெரிவு செய்து, இலையுதிர் காலம் முதல் பங்குனி வரை வாரக் கடைசிகளில் அணிகளாகப் பயிற்றுவிப்பது அங்குள்ள வழக்கம். டிரேகோட், கிராஃபம், ரட்லண்ட் போன்ற, குடிநீருக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்களிலும், 2012 ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிகள் நடந்த வேமத், போர்ட்லண்ட் கடற்பகுதியிலும் இவர்களைக் காணலாம்.

ஏன் குளிர்காலத்தில்? அப்போதுதான் காற்று வலுவாக வீசும். பெரிய போட்டிகள் இல்லாததால் பிழை விட்டுத் திருந்துவதற்கு அவகாசம் இருக்கும். ஈஸ்டர் காலத்தில் தேசிய இளையோர் போட்டி வந்துவிடும். அதற்கு முன் வேர் பிடிக்க வேண்டும் அல்லவா?

காலையில் பயிற்றுவிப்பாளர் வெண்பலகையில் அன்றைய பாடத்தை வரைந்து காட்டுவார். பிறகு தண்ணீர். ஒரே திருப்பத்தை இருபது முறை, ஒரே தொடக்கத்தைப் பத்து முறை செய்வார்கள். போட்டி தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இன்னொன்று. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். பிறகு ஆரம்பம். ஓடிக்கொண்டேயிருக்கும் படகைக் கோட்டுக்குப் பின்னால் தடுத்து வைத்து, சரியான வினாடியில் பாயை இழுத்துப் பாய்வது ஒரு கலை. இன்னொரு பயிற்சியில் சுக்கானையே கழற்றிவிடச் சொல்வார்கள்! உடம்பின் பாரத்தாலும் பாயின் இறுக்கத்தாலும் மட்டுமே படகைத் திருப்ப வேண்டும். சுக்கான் இருக்கும்போது மறைந்திருக்கும் பிழையெல்லாம் அப்போது வெளியே வந்துவிடும்.

பகலுணவுக்குப் பின் மீண்டும் தண்ணீர். மாலையில் வீடியோவைப் போட்டுப் பார்த்து, ஒவ்வொருவரும் தன் பிழையைத் தானே சொல்லவேண்டும். இவை தவிர உள்ளூர்க் கழகங்கள் குளிர்காலம் முழுவதும் போட்டித் தொடர்கள் நடத்தும். சில கழகங்கள் அவற்றுக்கு 'பனிக்கடி' என்றே வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கின்றன.

குளிர் என்ன செய்யும்?

இனி ஆபத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். நம் நாட்டுக் கடல்நீர் ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ். அந்த நீர்த்தேக்கங்களோ நடுக் குளிர்காலத்தில் ஐந்தாறு பாகைக்கு இறங்கிவிடும். 15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தாலே உடம்பு அதிர்ந்துவிடுகின்றது. நம்மை மீறி வாய் திறந்து மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் மூழ்கிப் போகிறார்கள். இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்களுள் ஒருவர், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன்.

கனடாவின் ஆய்வாளர் ஒருவர் இதை '1-10-1' என்று எளிமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் 1 நிமிடத்தில் மூச்சை நிதானப்படுத்து. அடுத்த 10 நிமிடத்துக்குத்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகில் ஏறப்பார். நினைவு தப்புவதற்கோ ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆகவே பதற வேண்டாம். 1824 முதல் அந்நாட்டுக் கடற்கரைகளில் உயிர் காத்துவரும் தொண்டு நிறுவனமும் இதையே சொல்கிறது. விழுந்தவுடன் நீந்த முயலாதே. மல்லாந்து மித. மூச்சு சீரானபின் மற்றதைப் பார்.

இந்த அறிவு சும்மா வந்ததல்ல. 1993 மார்ச் 22ஆம் திகதி, தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் எட்டு மாணவர்கள் தங்கள் ஆசிரியருடனும் இரு பயிற்றுவிப்பாளருடனும் சிறு துடுப்புப் படகுகளில் சென்றார்கள். கரையிலிருந்து வீசிய காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிச் சென்றது. அபாய அறிவிப்பு பல மணி நேரம் தாமதமாகியது. நான்கு மாணவர்கள் குளிர்நீரில் உயிரிழந்தார்கள். அந்த நிலையத்தில் முன்பு வேலை செய்த இருவர், பாதுகாப்புப் போதாதென்று ஏற்கெனவே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. நிலையத்தை நடத்திய கம்பனியே நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1995இல் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றி, பணம் வாங்கிக்கொண்டு இத்தகைய பயிற்சி நடத்தும் நிலையங்களுக்கு அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

காற்றும் குளிரும் இருந்ததால் மட்டுமா அந்த நால்வர் போனார்கள்? முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதைச் செய்யாததால் போனார்கள். இதைத்தான் நாம் மனதில் பதிக்க வேண்டும்.

புறப்படுமுன் செய்வது

இப்போது மீண்டும் நம் தாயிடம் வருவோம். அவள் மகளுக்குப் பருத்தி உடுப்பு போட்டு அனுப்பவில்லை. பருத்தி நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை தடித்த றப்பர் உடை, காற்றுப் புகாத மேலங்கி, பாதணி, கையுறை, தொப்பி, எல்லாவற்றுக்கும் மேல் மிதவை அங்கி. முகமும் விரல் நுனியும் தவிர ஒன்றும் வெளியே தெரியாது! பையில் மாற்றுடுப்பு, ப்ளாஸ்க்கில் சூடான சூப்.

பயிற்சி நடத்துவோரும் தம் பங்கைச் செய்கிறார்கள். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இலக்கத் தகட்டை எடுக்கவேண்டும். திரும்பியதும் அதைப் பலகையில் மாட்டவேண்டும். ஒரு தகடு குறைந்தாலும் ஒருவரும் வீடு போகமாட்டார்கள். மீட்புப் படகுகள் பிள்ளைகளுக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். படகு கவிழ்ந்தால் நிமிர்த்துவது எப்படி என்பதை முன்பே பலமுறை செய்ய வைத்திருப்பார்கள். காற்று எல்லை மீறினால் அன்று தண்ணீர் இல்லை, வகுப்பறைதான். விரல் மரத்து அழும் பிள்ளையை உடனே கரைக்கு அனுப்புவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருப்பார்கள்.

புறப்பட்ட பின் செய்யக்கூடாதது

இனித்தான் தாய்க்குக் கடினமான பகுதி. போட்டி தொடங்கிவிட்டால் அவள் வாய் திறக்கக்கூடாது! போட்டியிடும் படகுக்கு வெளியார் எவரும் உதவக்கூடாது என்பது சர்வதேச விதி. நோயோ காயமோ ஆபத்தோ என்றால் வேறு. "மகளே, இடப்பக்கம் திரும்பு!" என்று கரையிலிருந்து கத்தினால் அது மகளுக்கே கேடாய் முடியும். மகள் பிழையான பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்தபடி நிற்க வேண்டியதுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் ஓடி வருவதில்லை. விதியை மீறி இன்னொரு படகுக்கு இடைஞ்சல் செய்துவிட்டால், செய்த பிள்ளையே தன் படகை இரண்டு முறை முழுவட்டம் சுற்ற வேண்டும். மிதவையில் முட்டினால் ஒரு முறை. அதற்குள் நாலைந்து படகுகள் முந்திவிடும். வேறெவரும் காணாவிட்டாலும் சுற்றத்தான் வேண்டும். எட்டு வயதில் இப்படித் தன்னைத் தானே தண்டிக்கப் பழகும் பிள்ளை, எண்பது வயதிலும் அதை மறக்குமா?

போட்டியிடுவோர் ஆபத்திலிருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தும் செய்யவேண்டும் என்பது இவ்விளையாட்டு விதிகளின் முதல் விதி. 1988 செப்டெம்பர் 24ஆம் திகதி, சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி பூசான் நகரில் நடந்துகொண்டிருந்தது. கனடாவின் லோறன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வேறொரு போட்டியில் பங்குபற்றிய சிங்கப்பூர் வீரர் இருவர் கவிழ்ந்து கடலில் தத்தளிப்பதைக் கண்டார். பதக்கத்தை மறந்தார், படகைத் திருப்பினார். இருவரையும் மீட்டு, காவற்படகு வரும்வரை காத்திருந்து, பிறகே போட்டியைத் தொடர்ந்தார். அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடமே உரியதென்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக் குழு பியர் டி கூபெர்ட்டின் பதக்கத்தை வழங்கி அவரைக் கௌரவித்தது. பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இன்றும் இக்கதையைச் சொல்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது

இதில் குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். படகு, உடை, பயணம் எல்லாம் செலவுதான். எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அது கிட்டாது. தெரிவில் விடுபட்ட பிள்ளை அழும். பிள்ளையின் வெற்றியைத் தம் வெற்றியாக்கப் பார்க்கும் பெற்றோர் அங்கும் உண்டு. ஆனாலும் அந்தச் சின்னப் படகு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்துப் பெண் ஹன்னா மில்ஸ் ஓர் உதாரணம். எட்டு வயதில் பாய்ப்படகு பழகி, ஒப்டிமிஸ்ட்டில் போட்டியிட்டு வளர்ந்தவர். 2012 ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2016இலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கமும் வென்றார்.

நம் பிள்ளைகள் எல்லோரும் பாய்ப்படகு ஓட்டப் போவதில்லை. ஆனால் ஒருநாள் சைக்கிளில் பெருந்தெருவுக்குப் போகும். நீந்தப் போகும். படிப்புக்காக வேறு ஊர் போகும். அப்போது நாம் இரண்டிலொன்றைச் செய்துவிடுகிறோம். ஒன்றும் கற்றுக்கொடுக்காமல் போகவிடுகிறோம், அல்லது போகவே விடாமல் கட்டி வைக்கிறோம். இடையில் ஒரு வழி இருக்கிறது. எங்கே போகிறாய், யார் உடனிருப்பார், விழுந்தால் என்ன செய்வாய், திரும்பி வந்ததை யார் எண்ணுவார் என்று கேட்டுத் திருப்தியடையும் வழி அது. திருப்தியில்லையா? "இன்று வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தாயும் கூச்சப்படத் தேவையில்லை. காற்று மீறினால் அவர்களும் போவதில்லையே!

திருப்தியென்றால், உடுப்பைச் சரிசெய்து, தொப்பியை இழுத்துவிட்டு, கையை விடுங்கள். மாலையில் நடுங்கும் உதட்டோடு அந்தச் சிறுமி கரையேறி, தன் தகட்டைத் தானே பலகையில் மாட்டுவாள். தாய் ஒரு கோப்பை சூப்பை நீட்டுவாள். "எத்தனையாவதாக வந்தாய்?" என்பது அவளுடைய முதற் கேள்வியாக இருக்காது. "கை குளிருதா மகளே?" என்றுதான் கேட்பாள்.