விண்டோஸ் 11 பாதியிலேயே திரும்பிவிடுகிறதா? ஃபார்மேட் போடும் முன் பழைய டிரைவரைத் தேடுங்கள்!

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. அதிலேயே ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் மூலம் பணம் எடுத்துக்கொடுப்பது, பான் கார்டு என்று எல்லா வேலையும் நடக்கிறது. ராத்திரி கடை அடைக்கும்போது விண்டோஸ் 11 அப்கிரேடைப் போட்டுவிட்டுப் போகிறார் கடைக்காரர். காலையில் வந்து பார்த்தால் பழைய விண்டோஸ் 10 அப்படியே நிற்கிறது. திரையில் புரியாத ஓர் எண் மட்டும். சர்வீஸ் பையனைக் கூப்பிட்டால் ஒரே பதில்: “சிஸ்டம் பழசாயிட்டு அண்ணாச்சி, ஃபார்மேட் அடிச்சிருவமா?”

செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம். சீசனுக்கு முன்னால் குற்றாலம் லாட்ஜ்களின் வரவேற்பறையிலும் கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் எல்லோருக்கும் அவசரம். ஆனால் பல நேரங்களில் கோளாறு கணினியின் வயதில் இல்லை. என்றோ கழற்றி வீசிய ஒரு கருவியின் டிரைவர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருப்பதில்தான் இருக்கிறது.

சாவியைத் தராமல் போன வாடகைக்காரர்

பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய 3ஜி டேட்டா கார்டு என எதைச் செருகினாலும், அதோடு விண்டோஸ் பேசுவதற்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். கருவியைப் பிடுங்கினால் டிரைவரும் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. வீட்டைக் காலி பண்ணிய வாடகைக்காரர் சாவியைக் கையிலேயே வைத்திருப்பது மாதிரி, அது ‘டிரைவர் ஸ்டோர்’ என்ற இடத்தில் அப்படியே தங்கிவிடும்.

இதில் ஆபத்து என்ன? பல டிரைவர்கள் ‘கெர்னல்’ என்னும் இயங்குதளத்தின் அடிமடியில் வேலை செய்கின்றன. சாதாரண செயலி தடுமாறினால் அந்த ஜன்னல் மட்டும் மூடும். கெர்னலில் ஒன்று தடுமாறினால் மொத்தக் கணினியும் படுத்துவிடும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதற்கும், அந்த மென்பொருள் கெர்னலுக்குள் இருந்ததுதான் காரணம்.

அப்கிரேடின்போது விண்டோஸ் பழைய டிரைவர்களையும் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அதில் ஒன்று ஒத்துவராவிட்டால், ஆபத்து வேண்டாம் என்று மொத்த வேலையையும் ரத்து செய்து பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

அந்த எண் என்ன சொல்கிறது?

‘0எக்ஸ்சி1900101’ என்று தொடங்கும் எண் வந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான் வர வேண்டும். அதை அடுத்து, ‘0எக்ஸ்’ என்று தொடங்கும் இன்னோர் எண்ணும் இருக்கும். அதில் ‘எக்ஸ்’-க்குப் பிறகு வரும் முதல் இலக்கம், எந்தக் கட்டத்தில் வேலை கெட்டது என்று காட்டும். 2 என்றால் தற்காலிக விண்டோஸ் சூழலில் வேலை நடக்கும் கட்டம். 3 என்றால் புது விண்டோஸ் முதல் தடவை எழும்பும் கட்டம். 4 என்றால் இரண்டாவது தடவை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அப்கிரேட் தோற்றதும் ‘செட்டப்டயாக்’ என்ற மைக்ரோசாஃப்ட் கருவி தானாகவே ஓடி, காரணத்தைத் தேடி எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக். அங்கே கிடக்கும் கோப்பைத் திறந்தால், சில நேரம் குற்றவாளி டிரைவரின் பெயரே இருக்கும்.

செய்ய வேண்டியது

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கீபோர்டு, மவுஸ், திரை தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ மெனு போய் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுங்கள். இப்போது இணைப்பில் இல்லாத கருவிகள் மங்கலாகத் தெரியும். உங்களிடம் இப்போது இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிரிண்டர், டேட்டா கார்டு, கைரேகைக் கருவி ஆகியவற்றை மட்டும் ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். அப்போது டிரைவரையும் நீக்கவா என்று ஒரு கட்டம் வந்தால் அதில் டிக் போட வேண்டும். அந்த டிக்கை மறந்தால் பெயர்ப்பலகை மட்டும் போகும், ஆள் உள்ளேயே இருப்பார்.

கழற்றிவிட்ட ஆன்டிவைரஸ், வி.பி.என். போன்றவற்றின் மிச்சங்களை, அந்தந்த நிறுவனமே நீக்கும் கருவி தந்தால் அதை வைத்து அகற்றுவது நல்லது. சிஸ்டம், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் போன்ற பெயர்களைத் தொடவே கூடாது. ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள்களையும் நம்ப வேண்டாம். சாரல் காலத்துக் கரண்டை நம்பாமல் யு.பி.எஸ். போட்டு, பிறகு அப்கிரேடை ஓட்டுங்கள்.

ஃபார்மேட் ஏன் முதல் மருந்தாகக் கூடாது?

ஃபார்மேட் போடுவது தப்பே இல்லை. வைரஸ் புகுந்திருந்தால் அதுதான் சுத்தமான வழி. ஆனால் எடுத்த எடுப்பிலேயே போட்டால் யாருக்கு நஷ்டம்? கணக்கு மென்பொருளின் லைசென்ஸ், டோக்கன் அமைப்பு, கைரேகைக் கருவியின் பதிவு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். போட்டோ ஸ்டூடியோ என்றால் யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பமே போய்விடலாம். வருமானச் சான்றுக்கு இலஞ்சியிலிருந்து வந்த அம்மா “நாளைக்கு வாங்க” என்ற பதிலோடு திரும்ப வேண்டும்.

அதைவிடக் கொடுமை, காரணம் தெரியாமல் ஃபார்மேட் போட்டுவிட்டு அதே பழைய சிடியிலிருந்து அதே டிரைவரை மறுபடி ஏற்றுவது. அடுத்த பெரிய அப்டேட்டில் அதே கதை திரும்பும்.

பொறுப்பு யாருக்கு?

கடைக்காரர் கவனமாக இருந்திருக்கலாம் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் ஆசைப்பட்டா கருவியை மாற்றினார்? கைரேகைக் குறியாக்கம் கணினிக்குள் நடக்கும் ‘எல்0’ வகைக் கருவியிலிருந்து, கருவிக்குள்ளேயே நடக்கும் ‘எல்1’ வகைக்கு மாறச் சொன்னது ஆதார் ஆணையம். பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். பழைய கருவி மேசை டிராயருக்குப் போனது. அதன் டிரைவர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கட்டாயமாக வாங்கவைக்கும் கருவிக்கு, சுத்தமாக நீக்கும் வழியையும் தயாரிப்பாளர் தந்தாக வேண்டும் என்று விதி வைப்பதில் என்ன சிரமம்?

மைக்ரோசாஃப்ட்டுக்கும் பொறுப்பு உண்டு. விண்டோஸ் 11 வந்த புதிதில் இன்டெல் ஆடியோ டிரைவரின் சில பதிப்புகள் இருந்த கணினிகளுக்கும், 24எச்2 பதிப்பின்போது ‘எஸ்புரொடெக்ட்’ என்ற டிரைவர் இருந்த கணினிகளுக்கும் அப்கிரேடையே தராமல் அது நிறுத்தி வைத்தது. இரண்டாவது டிரைவர் வேறு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அப்படித் தெரிந்துகொண்டு தடுப்பது நல்ல காரியம். ஆனால் தடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தோற்றபின் டிரைவரின் பெயரைத் திரையில் சொல்லத் தெரியாதா? ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டால் ‘தண்ணீர் அதிகம்’ என்று காரணம் கண்முன்னே தெரிகிறது. விண்டோஸ் மட்டும் ஓர் எண்ணை வீசிவிட்டுப் போகிறது. காரணத்தை எழுதிய கோப்போ மூன்று ஃபோல்டருக்கு அடியில்!

சர்வீஸ் கடைகளும் ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். ‘ஃபார்மேட்’ என்று மட்டும் பில்லில் எழுதாமல், எதனால் என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். அந்த ஒரு வரி அடுத்த தடவை ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அவசரப்பட்டு ஓட வேண்டியதும் இல்லை. வீட்டு உபயோக விண்டோஸ் 10 கணினிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்கிரேட் தோற்றால், அண்ணாச்சி சர்வீஸ் பையனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “எந்த டிரைவர்னு பாத்தியா தம்பி?”