மே மாசத்தை மட்டும் பாத்துட்டு ஊரே இதுதான்னு நெனைக்காதீங்க



மே மாதக் கடைசி வாரம் வந்தால் எங்கள் ஊர் ரோட்டில் கார்கள் வரிசையாகக் கிளம்பும். டிக்கியில் இளநீர், மாங்காய், ஆத்தா கட்டிக் கொடுத்த கொள்ளு, பச்சைப்பயறு மூட்டை. பின்சீட்டில் கருத்துப்போன பிள்ளைகள். கோடை லீவுக்கு அப்பாரு வீட்டுக்கும் அப்புச்சி வீட்டுக்கும் வந்தவர்கள் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் திரும்பிப் போவார்கள். அவர்களை அனுப்பி வைக்கிறபோதெல்லாம் எனக்குத் தோன்றுகிற ஒன்றை இந்தத் தடவை எழுதியே விடுகிறேன். கோவிச்சுக்காதீங்க.

நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது, எங்கள் பண்ணையம் படுத்துக் கிடக்கிற மாசத்தில். காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது, அது எழுந்திருக்கிற வாரத்தில். இப்படியே வருசா வருசம் நடந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நட்டமில்லை, எங்கள் பிள்ளைகளுக்கும் நட்டம்.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். ஆறு ஏக்கர். ஒரு கிணறு, ஒரு போர், ரெண்டு எருமை, ஒரு காங்கேயம் பசு, இருபது செம்மறி. நான், வீட்டுக்காரி, அஞ்சாவது போகப்போகிற மகள், ஒண்ணாவது சேரப்போகிற மகன், என் அப்பா அம்மா. இவ்வளவுதான் குடும்பம்.

மே மாசத்தில் எங்கள் வீட்டில் என்ன நடக்கும்? கிணற்றுத் தண்ணி அடியில் கிடக்கும். த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்றை இழுக்கும். அந்தத் தண்ணி ஆடுமாட்டுக்கும் தென்னைக்கும் போக மிச்சம் இருந்தால், தொட்டியில் பிள்ளைகள் குளிப்பார்கள். காடு உழுது போட்டது போட்டபடி கிடக்கும். கோடை உழவு என்று ஒன்று உண்டு. சித்திரை மழை ஒரு உழவு மழை பெய்ததும் ஓட்டி விட்டுவிட்டால் மண் வெயிலில் காயும், களைவேரும் புழுக்கூடும் சாகும், அடுத்து வருகிற மழைத் தண்ணி உள்ளே இறங்கும். மண்ணுக்கு அது நல்ல ஓய்வு. ஆனால் பெங்களூரில் இருந்து வந்த ஒன்பது வயசுப் பையனுக்கு அது வெறும் கட்டாந்தரையாகத்தான் தெரியும்.

என் அக்கா மகன் அப்படித்தான் கேட்டான். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "ஏன் மாமா, உங்க ஊரு எப்பவுமே இப்படித்தான் காஞ்சு கெடக்குமா?"

"இல்லடா சாமி, இன்னும் பத்து நாள்ல பாரு" என்றேன். மூணாம் நாள் அவன் கிளம்பிவிட்டான். பத்தாம் நாள் பெங்களூரில் இருந்தான்.

அவன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. கோவை, திருப்பூர் சமவெளியில் வருசம் முழுக்கப் பெய்கிற மழையே சுமார் 600, 700 மி.மீ.தான். அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. அதாவது நீங்கள் வருகிறபோது பெரிய மழை ஓய்ந்து அஞ்சு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கும். பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணியும் எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் வரும். பாசனப் பரப்பை நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு தடவை முறை வந்தால், அடுத்த முறைக்கு ரெண்டு வருசம் போல் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாத குழந்தை, கண்ணில் பட்டதை வைத்துத்தானே முடிவு பண்ணும்?

காதில் விழுவதும் அப்படித்தான். மே மாசத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கேட்கிற பேச்சு மூணே மூணு. தண்ணி பத்தலை, ஆள் கிடைக்கலை, வெலை இல்லை. பெரியவர்கள் ஓய்வாக உட்கார்ந்தால் பொலம்பத்தான் நேரம் இருக்கும். வேலை நடக்கிற மாசத்தில் இந்தப் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும், பேச யாருக்கு நேரம்?

இப்போது அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

கத்திரி வெயில் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28, 29 வரைக்கும் அடிக்கும். அது முடிவதற்கு முன்னாலேயே மேற்கே இருந்து காற்று திரும்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று 30, 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறதல்லவா, கேரளத்துப் பருவமழைக் காற்று அந்த வழியாகத்தான் எங்கள் மேல் வந்து விழும். மழையை மலை பெரும்பாலும் அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களுக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும். அதுவே எங்களுக்குப் போதும். நேற்று வரை சும்மா நின்ற காத்தாடிகள் எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருக்கிற காற்றாலைகளுக்கு அங்கிருந்து செப்டம்பர் வரைக்கும் சீசன்.

முதல் மழை நனைத்ததும் கொறங்காட்டைப் பார்க்க வேண்டும். பட்டணத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காட்டை நம்பித்தான். மே மாசம் பூராவும் கோரைப்பாய் நிறத்தில் கிடந்த புல், மழை விழுந்து நாலைந்து நாளில் அடியில் இருந்து பச்சை கட்டும். சிவப்பாகப் பட்டுப்பூச்சி ஊரும். ராத்திரி விளக்கைச் சுற்றி ஈசல் வரும். என் மகன் ஒரு தீப்பெட்டியில் பட்டுப்பூச்சி பிடித்து வைத்து, அதற்குப் புல்லும் போட்டு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பான். "விட்டுருடா, அது மண்ணுல இருக்கறது" என்று அவன் ஆத்தா சொன்னால், சாயங்காலம் விடுவதாக ஒப்புக்கொள்வான்.

அதே வாரத்தில்தான் வெங்காயப் பட்டறையைப் பிரிப்போம். வைகாசிப் பட்டத்துக்குச் சின்ன வெங்காயம் ஊன வேண்டும். ஏக்கருக்கு 600 கிலோ பக்கம் விதை வெங்காயம் பிடிக்கும். காற்றோட்டமாகக் கல் மேல் மூங்கில் அடித்து, தென்னங்கீற்று வேய்ந்து, மாசக்கணக்கில் பட்டறையில் காத்து வைத்த காய். அதைக் கொட்டி, அழுகலைக் கழித்து, தாளை அறுத்து, சைஸ் பார்த்துப் பிரிக்கிற வேலை குடும்பமே உட்கார்ந்து செய்கிற வேலை. என் மகள் கத்தி தொட மாட்டாள். தொட விடுவதில்லை. அழுகல் பொறுக்குவது அவள் பொறுப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டே பொறுக்குவாள், ஆனால் ஒன்றையும் விட மாட்டாள்.

அங்கே உட்கார்ந்துதான் எங்கள் வீட்டு பட்ஜெட்டும் போடுவோம். ஜூன் முதல் வாரத்தில் ரெண்டு செலவு சேர்ந்து வரும். பள்ளிக்கூடச் செலவு ஒன்று, விதைப்புச் செலவு ஒன்று.

"ஏனுங்க, வேன் பீஸ் இந்த மாசமே கட்டோணுமாமா?"

"மொத டேர்மோட சேத்துக் கேப்பாங்கல்ல."

"அப்ப கரை புடிக்கற டிராக்டருக்கு?"

"ரெண்டு ஆட்டுக்குட்டிய சந்தைக்கு ஓட்டிரலாம்."

வீட்டுக்காரி பதில் சொல்லாமல் வெங்காயத்தை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் தலையை நிமிர்த்தி, "எந்தக் குட்டி?" என்றாள். ரெண்டு பேரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. குட்டிகள் எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருப்பது அவள்தான்.

இதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆடு ஏன் போகிறது, அந்தக் காசு எங்கே போகிறது, அது விதையாகி எப்போது திரும்பி வருகிறது என்று அவளுக்குத் தெரியட்டும். ஆடு போவதை மட்டும் பார்த்து, அறுபது எழுபது நாள் கழித்து வெங்காயம் வண்டி ஏறுவதைப் பார்க்காமல் போனால்தான் ஆபத்து. அப்போது அவள் கணக்கில் விவசாயம் என்றால் கழித்தல் மட்டும்தான்.

இங்கேதான் பள்ளிக்கூட நாட்காட்டி இடிக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். வெயில் அதிகம் என்று தள்ளிப் போட்ட வருசங்களும் உண்டு. 2023இல் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024இல் ஜூன் 10. மழையும் ஒரே நாளில் வருவதில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 2023இல் ஜூன் 8, 2024இல் மே 30, 2025இல் மே 24 என்று இறங்கியது. 2025இல் அவ்வளவு சீக்கிரம் வந்ததில் பட்டறையில் மேல் வரிசைக் காய் நனைந்து எங்களுக்குக் கொஞ்சம் அழுகியும் போனது. எப்படியிருந்தாலும் எட்டு மணிக்குப் பொம்பளையாட்கள் வந்து வெங்காயம் ஊன வரப்பில் இறங்குகிற நாளில், என் பிள்ளைகள் ஏழரைக்கே வேன் ஏறியிருப்பார்கள். சாயங்காலம் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் மகள் கேட்பாள், "ஊனியாச்சாப்பா?" ஆச்சு கண்ணு. அவ்வளவுதான். தான் பொறுக்கிய காய் மண்ணுக்குள் போனதை அவள் பார்க்கவில்லை.

தோட்டத்திலேயே குடியிருக்கிற பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், வருசத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளைக்கு என்ன தெரியும்?

எல்லாப் பிள்ளையும் விவசாயத்துக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மகளே என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியாது, அது அவள் இஷ்டம். ஆனால் வேண்டாம் என்று முடிவு பண்ணினால் முழுசாகப் பார்த்துவிட்டு முடிவு பண்ணட்டும். எங்கள் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த யோசனையின் வேர் எங்கே என்று பார்த்தால், அந்தப் பெண்ணும் அவள் பெற்றோரும் சின்ன வயசில் பார்த்த மே மாதத்து ஊர் அதில் ஒரு பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவது போல.

"லீவு மே மாசத்துலதானுங்க கெடைக்குது, நாங்க என்ன பண்றது?" என்பீர்கள். நியாயம்தான். மே மாதமும் வாருங்கள், நுங்கும் தெளுவும் அப்போதுதான். ஆனால் பத்து நாளாகத் தங்குவதில் மூணு நாளைக் கழித்து வேறு மாசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரில் இருந்து எங்கள் தோட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகாது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்தால் வெங்காயம் முளைத்துத் தாள் விட்டு நிற்கும். ஆகஸ்ட் 2 அல்லது 3 ஆடிப்பெருக்கு. பிள்ளைகளுக்குப் புளியமரத்தில் தூரி கட்டுவோம். கரூர், ஈரோடு பக்கம் சொந்தம் இருந்தால் ஆடி ஒண்ணுக்கே போய்த் தேங்காய் சுடுகிற நோம்பியைப் பார்க்கலாம். சென்னை, பெங்களூர்க்காரர்களுக்குக் காலாண்டு லீவு இருக்கிறது. புரட்டாசியில் மானாவாரிக் காட்டில் கொள்ளும் சோளமும் விதைக்கிற நேரம் அது. கார்த்திகையில் வந்தால் மே மாசம் பார்த்த அதே கட்டாந்தரையில் ஆள் உயரத்துக்குச் சோளத்தட்டு நிற்கும். அந்தப் பையன் அதற்குள் ஓடி ஒளியட்டும், பிறகு கேள்வி கேட்கட்டும்.

வந்தால் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க மட்டும் விடாதீர்கள். ஏர்க்கலப்பையைப் பிடித்துப் போட்டோ எடுப்பது வேண்டாம். மோட்டார், கிணறு, மருந்து டேங்க் பக்கம் விடக் கூடாது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மற்றபடி சின்னச் சின்ன வேலை நிறைய இருக்கிறது. ஆட்டுக்குத் தழை கட்டுவது, அழுகல் பொறுக்குவது, பாத்திக்குத் தண்ணி திரும்பினதும் ஓடிவந்து சொல்வது. ஒரு வேலையைச் செய்துவிட்ட பிள்ளை அதன் பிறகு போனில் கேட்கும், "மாமா, நம்ம வெங்காயம் என்னாச்சு?" என்று. "உங்க ஊரு" என்பது "நம்ம வெங்காயம்" ஆகிவிட்டால் போதும் எனக்கு.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் ஒரு அரைநாள், பக்கத்துத் தோட்டத்தில் விதைப்பு நடக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாதா? கிராமத்துப் பள்ளிகளுக்கு வேன்கூடத் தேவையில்லை, நடந்தே போகலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று புத்தகத்தில் எழுதிப் படிக்கிற பிள்ளை, ஆடியில் ஒரு விதை மண்ணுக்குள் போவதைப் பார்க்காமலே அஞ்சாவது முடிக்கிறது.

இந்த வருசக் காலண்டரை எடுத்து ஆடி, புரட்டாசி, கார்த்திகையில் ஒவ்வொரு சனி ஞாயிறை இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். வருகிறதற்கு முந்தின நாள் ஒரு போன் போதும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் சேறானால் பரவாயில்லாத பழைய துணியாகப் பார்த்து எடுத்து வாங்க.