மலடி என்று சொல்லுமுன்

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணம் முடிந்து ஏழு வருடம். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தல் எல்லாம் பார்த்தாயிற்று. அவரிடம் குறை இல்லையாம். மாப்பிள்ளையோ பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். மாமி வேறு பெண் தேடுகிறார்.

சகோதரிகளே, பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அவருக்கே அது தெரியாமலிருக்கலாம். பார்வைக்கு நல்ல தேகசுகத்துடன் இருப்பார். விந்தில் உயிரணு இராது.

ஏன்? மனிதனிடம் சுமார் 20,000 பரம்பரை அலகுகள் உள்ளன. ஒவ்வொரு கலத்திலும் இவை எல்லாம் இருந்தாலும், எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 1,000 அலகுகள் முக்கியமாக ஆணின் விதைகளில்தான் இயங்குகின்றன. 2001இல் அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிலையத்தில் டேவிட் பேஜ் குழுவினர், ஆண் சுண்டெலியின் விந்துத் தாய்க்கலங்களில் இயங்குபவற்றை எடுத்து, மற்ற இடங்களிலும் இயங்குபவற்றைக் கழித்துப் பார்த்தார்கள். அரிசியில் கல் பொறுக்குவதுபோன்ற வேலை! ஆணின் விந்துக் கலங்களில் மட்டும் இயங்கும் 25 அலகுகள் மிஞ்சின. ஆணுக்கே உரிய வை நிறமூர்த்தத்தில் இருந்தவை 3தான். எக்ஸ் நிறமூர்த்தத்தில் 10.

அந்த வரிசையைச் சேர்ந்த டெக்ஸ்13பி என்ற அலகில் பழுது உள்ள ஆண்களுக்குப் பிள்ளைப்பேறு தடைப்படலாம் என்று ஹைதராபாத் சிசிஎம்பி நிலையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 2024ஆம் ஆண்டளவில் கண்டார்கள். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வரும். உடனே மாமியைக் குற்றஞ்சாட்டப் புறப்பட்டுவிடாதீர்கள். தன்னிடம் அப்படியொன்று இருப்பதை அவரே அறியமாட்டார்.

இதே நிலையம் 2003இல் பிள்ளைப்பேறற்ற 340 ஆண்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் வை நிறமூர்த்தத்தில் சிறு துண்டு இல்லாதிருந்தது. இதை இரத்தத்திலேயே பார்க்கலாம். ஏ, பி என்னும் பகுதிகள் முழுதாய் இல்லையென்றால், விதையைக் கீறி உயிரணு தேடுவது வீண் செலவு, வீண் வேதனை. சி பகுதி மட்டும் இல்லையென்றால் பலருக்கு உயிரணு கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் ஆண்பிள்ளைக்கும் அதே குறை போகும். இதைச் சிகிச்சைக்கு முன்பே இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சகோதரியின் மாப்பிள்ளை முதலில் செய்ய வேண்டியது சின்னக் காரியம்தான். இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து விந்து கொடுத்தால் போதும். ஊசி கிடையாது, வலி கிடையாது. மனைவி பட்டதில் பத்திலொன்றும் இல்லை.