முற்றத்துக்குக் கல்லா, பத்துமணிப் பூவா?

யாழ்ப்பாணத்தில் புதுவீடு கட்டுவோர் மதில் வேலை முடிந்த கையோடு முற்றம் முழுவதற்கும் இன்ரலொக் கல் பதிப்பது வழக்கமாகிவிட்டது. மழைக்குச் சேறில்லை, கூட்டுவதும் சுலபம். பூக்கன்றுகளுக்கு மிஞ்சுவது மதிலோரச் சாடிகள்தான். நடக்கவும் வாகனம் விடவும் வேண்டிய அளவுக்குக் கல் இருக்கட்டும். மிச்ச நிலத்தைப் பத்துமணிப் பூவுக்கும் பட்டிப்பூவுக்கும் விட்டுவிடுவதே நமக்கு நல்லது. இதை அழகுக்காக மட்டும் சொல்லவில்லை, கிணற்றுக்காகவும் சொல்கிறேன்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அந்த நன்னீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே எவ்வளவு உப்பு ஏறும் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், பத்தடிக்குப் பத்தடி நிலத்தில் விழுவது 11,000 லீற்றருக்கு மேல். அதில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும்தான். ஆனால் இறுக்கி அடித்த தளத்தின் மேல் கல் பதித்தால், பெரும்பங்கு ஒழுங்கைக்கு ஓடி வாய்க்காலில் கலந்துவிடுகிறது. ஒரு வீட்டுப் பாத்தியால் குடாநாட்டின் தண்ணீர்ப் பிரச்சினை தீராது. ஆனால் நீர் இறங்கும் வழியை அடைத்ததும் வீடு வீடாகத்தானே?

தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் பூவுக்கு நீர் இறைப்பதா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் எந்தப் பூ என்பது முக்கியமாகிறது. தமிழகத்தில் டேபிள் ரோஸ் எனப்படும் பத்துமணிப் பூ, பருப்புக்கீரையின் உறவு. தடித்த தண்டிலும் ஊசியிலையிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பூக்கும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால்தான் அழுகும். கன்றுக்குக் காசும் வேண்டாம். விரல் நீளத் தண்டை முறித்து, அடியிலைகளைக் கிள்ளி, காயத்தை ஒருநாள் நிழலில் உலரவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் ஒன்றிரண்டு கிழமையில் வேர்விடும். அடுக்குப் பூவின் நிறம் மாறாமலிருக்கத் தண்டு நடுவதே உறுதியான வழி. விதையானால் தூசிபோலச் சிறியது. மண்ணால் மூடாமல் மேலே தூவ வேண்டும். பட்டிப்பூ விதைக்கோ மெல்லிய மண் மூடல் வேண்டும். ஒருமுறை பிடித்தால் விதை சிந்தித் தானே பெருகும். மாரி மழையில் பத்துமணி அழுகுவது உண்மைதான். நாலு தண்டைத் தாழ்வாரத்துச் சாடியில் காப்பாற்றி வைத்து, தைப்பொங்கலுக்குப் பிறகு பாத்தியில் இறக்கலாம்.

பற்றை வளர்த்தால் பாம்பு வரும் என்பது இன்னொரு பயம். வெறும் மண்ணாகக் கூட்டிப் பெருக்கிய முற்றத்தை நம் முன்னோர் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பத்துமணியோ ஓரடிக்கு மேல் எழும்பாது. பட்டிப்பூவையும் நுனி கிள்ளிக் குட்டையாக வைத்திருக்கலாம். ஆனால் பட்டிப்பூ நச்சுச்செடி என்பதால் சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் கவனம் வேண்டும். இரண்டும் அந்நியச் செடிகள்தானே என்போரும் உண்டு. பத்துமணி தென்னமெரிக்காவிலிருந்தும் பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்தும் வந்தவை என்பது சரி. குடாநாட்டுத் தோட்டக்காரரைக் காலங்காலமாக வாழவைத்த மிளகாயும் புகையிலையும் கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். உண்மையான இடைஞ்சல் சேறு ஒன்றே. படலையிலிருந்து விறாந்தை வரை ஒரு நடைபாதைக்குக் கல் பதித்தால் அதுவும் தீரும். மேசனிடம் முற்றத்தின் அளவைக் கொடுக்கும்போதே பாத்திக்கான இடத்தைக் கழித்துக் கொடுத்தால் போதும்; கல்லுக்கான காசும் அந்த அளவுக்கு மிஞ்சும்.