தரிசு என்னும் பொய்

மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் 701 கிலோமீட்டர் சம்ருத்தி நெடுஞ்சாலை 2025 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதையொட்டிய விவாதங்கள் பெரும்பாலும் பயண நேரத்தையும் இழப்பீட்டையுமே சுற்றின. சாத்பாரா ஏட்டில் பெயருள்ளவர் இழப்பீடு பெற்றார். அறுவடை முடிந்த வயல்களில் கிடைபோட்டும் புல்வெளிகளில் மேய்த்தும் வாழும் தங்கர் இடையர் எந்த ஏட்டில் பெயரைத் தேடுவர்?

வரி தராத நிலத்தைக் காலனிய ஆட்சி தரிசு என்று எழுதியது. நடுவணரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு இன்றும் புதர்வெளியையும், சீரழிந்ததெனப் பெயரிட்டு மேய்ச்சல் நிலத்தையும் அத்தலைப்பில் அடுக்குகிறது. வாசிம் மாவட்டத்துக் காரஞ்சா-சோகோல் சரணாலயத்துக்குள் புல் வெளிமானின் வாழிடம். எல்லைக்கு வெளியே அதே புல் தரிசு! (தாராவியின் சதுப்பும் இவ்வாறே பயனற்றதாகக் கருதப்பட்டது, அதை மேடாக்கியோர் இன்று ஆக்கிரமிப்பாளர்.) முல்லையைத் திணையாகக் கண்ட மொழியின் ஆய்வாளர்கள் அச்சொல்லை வினவாது தம் வரைபடங்களில் பெயர்த்தெழுதுவது வெட்கக்கேடு.

அடுத்து, வார்தா மாவட்டத்திலிருந்து கோவா எல்லைவரை சக்திபீட நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டுள்ளது. கோலாப்பூர் உழவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களிடம் நில ஆவணம் உண்டு. இடையரின் தடங்களை எவரேனும் பதிவுசெய்வதாயின், அளவைக்கற்கள் நடப்படுமுன் புறப்பட வேண்டும்.