பரிசோதனைச் சீட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எச்ஐவியோடு வாழ்பவர்கள் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் கொடுத்த மனுக்களுக்கு, ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. அதனால்தான் இந்த மடல் ஊரறிய எழுதப்படுகிறது. சட்டமும் சுற்றறிக்கைகளும் தாங்கள் அறிந்தவை. இங்கே பேச வேண்டியது ஓர் இளைஞரைப் பற்றி.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை நாடே அறியும். அந்த ரத்தத்தைக் கொடுத்தவரின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2016இலும் அவர் ரத்த தானம் செய்திருந்தார். தொற்று இருப்பது அப்போதே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரியவில்லை. 2018 நவம்பர் இறுதியில் உறவினர் ஒருவருக்காக சிவகாசியில் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வகத்தில் எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் தன் நிலையை அறிந்தார்.

அந்த நிலையிலும் அவருக்கு முதலில் தோன்றியது, தன் ரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாது என்பதுதான். தானே முன்வந்து ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் அது சாத்தூர் கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டுவிட்டது.

ஊழியர்கள் மீது நடவடிக்கை, விசாரணை, கர்ப்பிணிக்குச் சிகிச்சை எல்லாம் நடந்தன, நடக்க வேண்டியவைதான். உண்மையைச் சொன்ன அந்தப் பையனோடு யார் உட்கார்ந்து பேசினார்கள்? தினம் ஒரு மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டால் நெடுங்காலம் வாழலாம், கல்யாணம் கட்டலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம் என்று அவர் மனதில் பதியும்படி யார் சொன்னார்கள்? அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் தற்கொலைக்கு முயன்று, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனார்.

அவர் மருந்தில்லாமல் சாகவில்லை. 2004 முதல் அரசு, எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2017இலிருந்து தொற்று உறுதியான எவருக்கும் எதிர்ப்பாற்றல் குறையும்வரை காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம். சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த நேரத்துக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே ஒரு மனிதரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. அவரைக் கொன்றது அதுதான்.

இன்றும் அரசின் எச்ஐவி பரிசோதனை மையத்தில், ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகைக்குக் கீழே நின்று பாருங்கள். கதவு திறந்தே கிடக்க, வெளியே வரிசை நிற்க, உள்ளே முடிவு சொல்லப்படுவதுண்டு. “நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி சென்டருக்குப் போயிருங்க” என்று ஒரு சீட்டு கைக்கு வரும். அன்றைய ராத்திரியை அந்தச் சீட்டை வாங்கியவர் எப்படிக் கடப்பார்? வீட்டில் யாரிடம் சொல்வார், யாரிடம் மறைப்பார்? அந்தக் கேள்விகளுக்குச் சீட்டில் இடமில்லை.

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986இல். அதைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், கொடுக்க மருந்தே இல்லாத காலத்தில், நோயாளியையும் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார். மருந்து மலிந்த காலத்தில் உங்கள் துறைக்கு அது முடியவில்லையா?

முடிவு சொல்பவரே தொற்று உறுதியானவரை ஏ.ஆர்.டி மையத்துக்கு அழைத்துப் போகட்டும், இல்லையென்றால் தொற்றோடு வாழும் ஒருவரைத் துணைக்கு அனுப்பட்டும். ரத்த வங்கியும் தனியார் ஆய்வகமும் இதிலிருந்து தப்பக் கூடாது. அப்புறம், மாவட்டவாரியாக மாதாமாதம் இரண்டு கணக்கை வெளியிடுங்கள்: புதிதாகத் தொற்று உறுதியானவர்களில் எத்தனை பேர் மருந்து தொடங்கினார்கள்? வராதவர்களில் எத்தனை பேரை அவர்கள் ரகசியம் கெடாமல் தேடிப்போய்ப் பார்த்தீர்கள்? இதற்கும் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் எழுதாதீர்கள். அடுத்தவர் சீட்டு இன்றைக்கே அச்சாகிக்கொண்டிருக்கிறது.